பொமேரியன் குட்டி வாங்கப் போனேன்

மகளின் பிறந்தநாளுக்குப் பொமேரியன் குட்டி வாங்க, கல்முனையில் நாய்க்குட்டி விற்கும் ஒருவரின் வீட்டுக்குப் போனேன். வெள்ளைக் குட்டிதான் வேண்டும் என்று, சேலை எடுக்கப் போனவள்போல அடம்பிடித்தேன். குட்டிகளின் தாயைக் காட்டச் சொன்னதும் அவர் முகம் சுளித்தார். பின்பக்கத்தில், திரும்பக்கூட இடமில்லாத கம்பிக்கூட்டுக்குள் மயிர் உதிர்ந்து கிடந்தது அது.

"இது இனிக் குட்டி போடாது, மிஸ். கோமாரிக் காட்டுப் பக்கம் கொண்டுபோய் விட்டிருவன்," என்றார், பழுதான தண்ணி மோட்டரைப் பற்றிக் கதைப்பதுபோல.

"எனக்குத் தாயைத் தாங்க."

"குட்டி வேணாமா? உங்களுக்கென்ன விசரா?"

"ஓம், விசர்தான்."

அதைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில் இறக்கிவிட்டேன். மணலில் நிற்கத் தெரியாமல் காலைக் காலைத் தூக்கியது. கம்பியைத் தவிர வேறெதையும் மிதித்திராத கால்கள். அந்த ஆளை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் அவனுடைய கூடுகளை நிரப்பி வைத்திருப்பது, என்னைப்போல நிறம் பார்த்து வாங்கப் போகிறவர்கள்தான்.