மாமனார் வீட்டுச் சுவரில் ஒரு நெபுலா

லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சகலையைப் பிடிக்காமல் போனது அவன் மச்சினியைக் கட்டிய அன்று அல்ல, டெலஸ்கோப் வாங்கிய அன்று. பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவன், எப்போதும் சிரித்த முகம். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மொட்டைமாடியில் முக்காலி போட்டு ஓரியன் நெபுலா என்கிற விண்மேகத்தைப் படம் எடுக்கிற ஆள் அந்தக் குடும்பத்தில் மெக்கானிக் ஒருவர்தான். வருஷக்கணக்காகக் கொசுக்கடி பட்டுச் சம்பாதித்த பேர். அதில் ஒருவன் நோகாமல் வந்து பங்கு கேட்டால் வயிறு எரியாதா?

போதாக்குறைக்கு மாமனார் ஹாலுக்குப் புதுசாய் பெயின்ட் அடித்துவிட்டு, "சோபாவுக்கு மேல ஒரு பெரிய படம் மாட்டணும். ரெண்டு மாப்பிள்ளையும் ஆளுக்கு ஒண்ணு கொண்டு வாங்க. நல்லா இருக்கறத மாட்டிடலாம்" என்றார். அந்தச் சுவர் தனக்குத்தான் என்று மெக்கானிக் அன்றே முடிவு கட்டிவிட்டார்.

ஞாயிறு மதியம் சகலை வீட்டுக்கே வந்து நின்றான். "அண்ணா, எடுத்துட்டேன். ஆனா ஒண்ணா சேர்க்கத் தெரியல. நீங்கதான் பண்ணித் தரணும்."

நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் மங்கலான நெபுலா துலங்கும். அவன் போன பிறகு மெக்கானிக் கம்ப்யூட்டரில் அடுக்கிப் பார்த்தார். மேகத்தின் ஓரத்தில் மெல்லிய இழைகள் பிரிந்து தெரிந்தன. அவர் படத்தில் ஒருநாளும் வராத இழைகள். நேற்று வந்தவனுக்கு இது எப்படி அமைந்தது என்று நெஞ்சு காந்தியது.

கேமரா சூடேறினால் தானாகவே சிவப்பும் பச்சையுமாகப் பொய்ப்புள்ளிகள் போடும். அதற்காகவே மூடியைப் போட்டுச் சில இருட்டுப் படங்கள் எடுத்து, அவற்றைக் கொண்டு புள்ளிகளைக் கழிப்பார்கள். சகலை அதையும் ஒழுங்காக எடுத்துத்தான் கொடுத்திருந்தான். மெக்கானிக் அவற்றைத் தொடவே இல்லை. மேலெல்லாம் வேர்க்குரு மாதிரி புள்ளிகளோடு வந்த படத்தை அப்படியே பிரிண்டுக்கு அனுப்பிவிட்டு, "இதுக்கு மேல வராது" என்று போனில் சொன்னார்.

மாமனார் வீட்டில் இரண்டு படங்களையும் சோபாவில் சாய்த்து வைத்தார்கள். மெக்கானிக்கின் படம் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தது. மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"பெரியவரோடது கொஞ்சம் வெறிச்சுனு இருக்கு. சின்னவரோடதப் பாருங்க, கலர் கலரா எத்தனை நட்சத்திரம்."

மாமியாரும் ஆமாம் போட்டார்.

"அதெல்லாம்..." என்று வாயெடுத்த மெக்கானிக் நிறுத்திக்கொண்டார். அது நட்சத்திரமே இல்லை என்று சொன்னால், பிறகு என்ன, அதை ஏன் நீக்கவில்லை என்று கேட்பார்களே. கேட்டால் என்ன சொல்வது?

"நான் என்ன மாமா பண்ணேன்," என்றான் சகலை கூச்சத்தோடு. "இத்தனை நட்சத்திரத்தையும் கொண்டு வந்தது அண்ணன்தான்."

"அப்படியா?" மாமனார் திரும்பினார். "அடுத்தவங்களுக்கு இவ்வளவு பார்த்துப் பார்த்துப் பண்றீங்க. உங்க படத்துக்கு மட்டும் ஏன் மாப்பிள்ளை சோம்பல் பட்டீங்க?"

அதற்குள் மெக்கானிக்கின் மனைவி, "ட்ரில் மெஷின் வண்டியிலதானே இருக்கு? அப்படியே மாட்டிக் கொடுத்துடுங்களேன்" என்றாள். அவர் போய் எடுத்துவந்தார். சகலை ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள, மேலே ஏறி, அந்தச் சுவரில் தன் கையாலேயே ஓட்டை போட்டார்.