கொல்லைப்பக்கம் திறக்கும் வீடு

என் அக்கா அஜீசுன்னிசாவின் கணவர் அப்துல் ஹக், சிங்கப்பூரில் பரோட்டா போடுகிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் அவர் லீவில் கடலூர் முதுநகருக்கு வந்தபோது, அவர் போகையில் அக்கா வயிற்றில் இருந்த ரசியா ஓடி விளையாடுகிற பிள்ளையாகிவிட்டிருந்தாள். அவரைக் கண்டதும் அக்காவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, "இந்த மாமா எப்ப போவாரு?" என்று கேட்டாள். மனுசன் முகத்தைப் பார்க்கணுமே! எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

சாக்லேட், கவுன், சாவி கொடுத்தால் குதிக்கும் குரங்கு என்று எல்லாம் கொடுத்துப் பார்த்தார். வாங்கிக்கொள்வாள், ஓடிவிடுவாள். திரும்பிப் போக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவதற்குள், தகப்பனை அழைக்கும் "அத்தா" என்ற சொல்லை அவள் வாயால் ஒருமுறை கேட்டுவிட வேண்டும். மச்சானுக்கு வேறு ஆசையே இல்லை.

சிதம்பரத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். அங்கே ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் மரத்தில் செய்த பொம்மை வீடு இருந்தது. ரசியா அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"வாங்கிடுங்க மச்சான்" என்றேன்.

"என்னா ரபி, தெருப்பக்கம் சுவரே இல்ல! பொம்பளைங்க எப்படிக் குடியிருப்பாங்க? நானே நல்லதா ஒண்ணு செய்யறேன்."

"நீங்க மாவு பிசையறவரு."

"பலகையப் பிசையவா போறேன்? அறுக்கத்தானே போறேன்!"

ஊர் வந்ததும் சாமான் வந்த மரப்பெட்டியை உடைத்தார். பக்கத்துத் தெரு அந்தோணிசாமி ஆசாரியிடம் ரம்பம் வாங்கி வந்தார். அறுத்த பலகை ஒன்றாவது நேராக இருக்கவேண்டுமே! ஆனாலும் விடவில்லை. வீட்டுக்குள் மரத்தூள் பறந்தது, அக்கா இருமினாள், மச்சான் பாட்டுப் பாடினார். நாலு சுவரும் கெட்டியாக நின்றன. வாசல் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள், பழைய கைலியைக் கிழித்து ஒரு திரை. உள்ளே அடுப்பாங்கரை, ஒரு கட்டில்; கட்டையில் செதுக்கிய ஓர் அம்மா, ஒரு சின்னப் பெண், ஓர் ஆடு. எங்கள் வழக்கப்படி பொம்மைகளுக்குக் கண் மூக்கு வைக்கவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கூரையை ஆணியடித்து மூடினார். எனக்கே கை பரபரத்தது.

ரசியா கூச்சலிட்டபடி ஓடிவந்து கதவைத் திறந்தாள். கையை விட்டாள். மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. வீட்டைக் குலுக்கினாள்; உள்ளே பொம்மைகள் கடகடத்தன.

"தொட முடியல!" என்று அழுதுகொண்டு ஓடிவிட்டாள்.

மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு ரபி. எல்லாம் போச்சு."

அக்காதான் வந்து வீட்டைத் திருப்பி வைத்தாள். "நாங்க நாள் பூரா எந்தப் பக்கம் பொழங்குறோம்? கொல்லைப்பக்கத்த அறுத்து எடுங்க. தெருப்பக்கம் மூடியே கெடக்கட்டும்."

மச்சான் ரம்பத்தோடு பாய்ந்தார். பின்சுவர் ஒரே பலகையாகக் கழன்று வந்தது. ரசியா குப்புறப் படுத்து, தலையையும் உள்ளே விட்டுவிட்டாள்! அம்மாவை அடுப்பாங்கரையில் வைத்தாள், ஆட்டைக் கட்டிலில் படுக்க வைத்தாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"அம்மா இருக்கு, நான் இருக்கேன், ஆடு இருக்கு. அத்தா எங்க?"

எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆட்டைச் செய்த மனுசன் தன்னைச் செய்ய மறந்திருக்கிறார். எனக்கும் தோன்றவில்லை. எங்கள் பக்கத்து வீடுகளெல்லாம் ஆம்பிளை இல்லாமல் அப்படித்தானே இருந்தன.

அவள் மிச்சமிருந்த கட்டை ஒன்றைத் தேடி எடுத்து அவர் மடியில் போட்டாள். "சீக்கிரம் செஞ்சு குடுங்க அத்தா."

"ரபி, கேட்டியா? கேட்டியாடா?" என்று தெருவுக்கே ஓடிவிட்டார் மச்சான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன்.

அத்தா பொம்மை தயாரானதும் ரசியா அதை உள்ளே நிறுத்தினாள். பின்பக்கமாகக் கையை விட்டு வாசல் தாழ்ப்பாளைப் போட்டாள். அறுத்த பலகையைக் கொல்லைப்பக்கம் சாத்தி, அதன்மேல் முதுகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்துகொண்டாள்.

"அத்தா உள்ள இருக்காரு. யாரும் தொறக்கக் கூடாது."

நாகப்பட்டினத்தில் அந்தக் கப்பல் கிளம்பிய அன்று, மச்சான் முதுநகர் கடைத்தெருவில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்.