கைலாசபுரத்துக்காரருக்காக வைத்த ஸ்டேட்டஸ்

கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்வது என் பிழைப்பு. ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. அதுதான் ஆபீஸ். கைலாசபுரத்தில் ஃபேக்டரி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கேட்டிருந்தார். டிசைனை போனில் அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்பதற்கான நீல டிக் உடனே விழுந்தது. பதில்தான் வரவில்லை.

அவர் சரி என்று சொன்னால்தான் பிரஸ்ஸுக்குக் கொடுக்க முடியும். அப்போது என் கையில் இருந்த ஒரே வேலையும் அதுதான். "பாத்தீங்களா ஐயா?" என்று கேட்டதற்கு ஒரு கும்பிடு பொம்மை வந்தது. கும்பிடுக்கு என்ன அர்த்தம்? வேறு ஆளைப் பிடித்துவிட்டார் என்றே முடிவுகட்டினேன். குக்கர் விசில் அடித்தால்கூட போனை எடுத்துப் பார்க்கிற நிலைக்கு வந்துவிட்டேன்.

நேரில் கேட்கத் துப்பில்லாதவர்கள் செய்வதைத்தான் கடைசியில் நானும் செய்தேன். ஒரு ரோஜாப்பூ படத்தின் மேல், "ஒரு வார்த்தை பதில் சொல்ல மனசில்லாதவங்க எல்லாம் பெரிய மனுஷங்க" என்று எழுதி ஸ்டேட்டஸ் வைத்தேன். பொன்மலையிலிருந்து மச்சினி போன் செய்து, "மாமா, எங்களையா சொல்றீங்க?" என்று அழாத குறையாகக் கேட்டாள். ஏதோ சொல்லிச் சமாளித்தேன். "அதை முதல்ல எடுங்க, அசிங்கமா இருக்கு" என்றாள் என் மனைவி. பார்த்தவர்கள் வரிசையில் கைலாசபுரத்துக்காரர் பெயர் வந்த பிறகுதான் எடுத்தேன். அதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வேறு.

அன்று சாயங்காலமே அவர் கூப்பிட்டார்.

"தம்பி, மன்னிச்சுக்குங்க. யார் பேரு மேல, யார் பேரு கீழன்னு பங்காளிங்க வீடு வீடா போய்க் காட்டி, சம்மதம் வாங்கிட்டு வரேன். ஒருத்தர் மூஞ்சியத் தூக்கினாலும் கல்யாணத்துக்கு வரமாட்டாங்க. டிசைன் பிரமாதம்னு எல்லாரும் சொன்னாங்க. அடிக்கக் குடுத்துடுங்க."

எத்தனை பத்திரிகை போட்டிருக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? பெயர் வரிசைக்காகச் சண்டை போட்ட குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டால் போதும் என்றிருந்தது. அவர் வைக்கவில்லை.

"அப்புறம் தம்பி, உங்க ஸ்டேட்டஸ் பாத்தேன். யாரோ ரொம்பக் காக்க வைக்கிறாங்க போலிருக்கே. நம்ம ஏரியா ஆளா? நான் வேணா பேசட்டுமா?"

"இல்லீங்க ஐயா, மெட்ராஸ் பார்ட்டி" என்றேன். வாய் கூசாமல் வந்தது.

"கவலைப்படாதீங்க. முதல் பத்திரிகைய சமயபுரத்தாளுக்குத்தான் வைக்கப்போறோம். அப்படியே அந்த ஆளு சீக்கிரம் பதில் சொல்லணும்னு அவன் பேருக்கு ஒரு அர்ச்சனையும் பண்ணிடறேன். பேரு என்ன தம்பி?"