எங்கள் எதிர் டீம்

ஜோடியாக மாயச்சீட்டு ஆடும் என் போன்ற பாவப்பட்டவர்களுக்குத் தெரியும்: எதிரியைக்கூடச் சமாளித்துவிடலாம், பக்கத்து நாற்காலிப் பார்ட்னரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. டிராகன், பூதம், மந்திரவாதி என்று படம் போட்ட கார்டுகள். அணிக்கு இரண்டு பேர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே உயிர். நான் ஒரு கார்டைத் தப்பாகப் போட்டால் அவரும் சேர்ந்து சாக வேண்டும்.

ஓர் ஆள் குறைந்த மேஜை

கோவில்பட்டியிலிருந்து கல்கத்தாவுக்கு ஐ.டி. வேலைக்கு வந்த புதிது. வங்காளிகள் பேசும் பாங்ளா ஒரு வார்த்தை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயமாக இருக்கும். யாரோடும் பேசாமலே பொழுது போய்விடும். அப்படி ஒரு ஞாயிறு, ஜாதவ்பூரில் இந்தக் கார்டுகளை விற்று, உள்ளேயே மேஜை போட்டு ஆடவும் விடும் கடை கண்ணில் பட்டது. காலேஜில் ஆடிய ஆட்டமாச்சே என்று வாசலில் நின்றபடி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் தமிழைக் கேட்டு உள்ளேயிருந்து ஓர் அம்மாள் கையை ஆட்டிக் கூப்பிட்டார். மைதிலி அக்கா. ஸ்கூல் டீச்சர், மூன்று தலைமுறையாக லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பம். அவருடைய ஆட்டப் பார்ட்னர் வேலை மாறிப் புனே போய்விட்டாராம். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுச் சொன்னார்: "உக்காருங்க தம்பி. எனக்குத் தமிழ் நன்னா வரும். கோபம் வந்தா மட்டும் பாங்ளாதான் வரும்."

ரகசிய மொழி

தமிழில் பேசிக்கொண்டால் எதிராளிக்குப் புரியாது என்பது எங்கள் பெரிய பலம். அன்று எதிரில் தபன்தாவும் அவர் மகள் ரினியும். தபன்தா, அதாவது தபன் அண்ணா, ரயில்வேயில் ரிட்டயர் ஆனவர், ரினி காலேஜில் படிக்கிறாள். இன்னும் ஓர் அடி விழுந்தால் எங்கள் கதை முடிந்தது. "அக்கா, அடுத்த ரவுண்டுல டிராகனை இறக்கிருவோம்" என்றேன், சத்தமாகவே.

தபன்தா நிதானமாக ஒரு பூதத்தை இறக்கி எங்களை முடித்துவைத்தார். பிறகுதான் விஷயம் தெரிந்தது. ரினி சின்னப் பெண்ணாக இருந்தபோது இதய ஆபரேஷனுக்காக வேலூரில் மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கியிருந்திருக்கிறார்கள். பயம் தெரியாமலிருக்க அப்பாவும் மகளும் அங்கே ஆடிப் பழகியதுதான் இந்த ஆட்டம். தபன்தா சிரித்துக்கொண்டே தமிழிலேயே சொன்னார்: "தம்பி, தமிழ் ஈஸி. சாம்பார்தான் கஷ்டம்."

டெங்கு

மழைக்காலத்தில் எனக்கு டெங்கு. எழுந்து தண்ணீர் குடிக்கக்கூடத் தெம்பில்லை. ஆட்டத்துக்கு வரவில்லையே என்று தேடிக்கொண்டு ரூமுக்கே வந்துவிட்டார் மைதிலி அக்கா. அவரும் தபன்தாவும்தான் டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தத்தில் பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. இங்கேயே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று பயந்துவிட்டேன்.

அக்கா மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம் அம்மா போனில் அழுதாள். தபன்தா என்னிடமிருந்து போனை வாங்கினார். லாட்ஜில் கற்ற தமிழ். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடியெடுத்துப் பேசினார். மறுமுனையில் அழுகை மெல்ல அடங்குவது எனக்கே கேட்டது. "அம்மா, அழாதீங்க. உங்க பையன் எங்க எதிர் டீம். நல்லாகாம நாங்க விட மாட்டோம்."

கருணை கிடையாது

குணமாகித் திரும்பிய முதல் ஞாயிறு. தபன்தா பாவம் பார்த்து, அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காமல் விட்டார். ரினி அவர் கையிலிருந்த கார்டைப் பிடுங்கி மேஜையில் வைத்தாள். நாங்கள் க்ளோஸ். "பையன் இப்பத்தானேம்மா எழுந்து வந்திருக்கான்" என்று தபன்தா எங்களுக்கும் புரியும்படி தமிழிலேயே குறைப்பட்டுக்கொண்டார்.

ரினி என்னைப் பார்த்து பாங்ளாவில் ஏதோ சொன்னாள். அக்கா மொழிபெயர்த்தார்: "'ஆபரேஷன் முடிஞ்சு வந்தப்போ எல்லாரும் வேணும்னே எங்கிட்ட தோத்தாங்க. நீ நோயாளி இல்ல, ஒழுங்கா ஆடு'ங்கறா."

கல்கத்தாவில் இதுவரை ஒரு கோப்பையும் வாங்கவில்லை என்றாலும், ஒரு வாரம் போகாவிட்டால் இரண்டு மொழியில் திட்டு வாங்குகிற அளவுக்கு முன்னேறிவிட்டேன்.