நிறைந்த கிண்ணம்

என் அண்ணன் மகள் மார்ஜானைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் பேச்சு பாலில்தான் தொடங்கியது.

"சம்பந்தி, டீ ரொம்ப ருசி. பால் எங்க வாங்கினீங்க?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா ஷோல்பான்.

"வாங்கறதா? நம்ம வீட்டு மாடுங்க," என்றாள் என் அண்ணி நூரிலா, பெருமையாக.

"எங்க மேயுது?"

"மலைக்குப் பின்னால."

"பின்னாலன்னா... அந்தக் காலத்துல அணுகுண்டு வெடிச்சுப் பாத்த பக்கமா? நீங்க பிறந்ததும் அங்கதானா?"

"அதான் போன வாரம் செமெய் நகரத்துல மத்திய ஆசியாவோட அஞ்சு நாடும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டாச்சே. இனிமே இங்க அணுகுண்டே கிடையாது."

"இனிமே சரிங்க. அப்போ வெடிச்சது?"

அண்ணி ஷோல்பானின் கிண்ணத்தை வாங்கி டீ ஊற்றினாள். விளிம்புவரை ஊற்றிவிட்டாள்.

எங்கள் பக்கம் விருந்தாளிக்குப் பாதிக் கிண்ணம்தான் மரியாதை. நிறைத்துக் கொடுத்தால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

"ஓ! கிளம்பச் சொல்றீங்க," என்று ஷோல்பான் சிரித்தாள்.

"ஐயோ, கை தவறிடுச்சுங்க!"

"பரவால்லங்க, நேரமும் ஆச்சு."

டீயைத் தொடாமலே எழுந்து போனார்கள். மார்ஜான் கிண்ணங்களைக் கழுவப் போனாள்.

எட்டு வயதில், குண்டு வெடித்த ஒரு நாள், ஊராரோடு நூரிலாவையும் பள்ளத்தில் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அவள் மட்டும் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாளாம். வளர்ந்ததும் பள்ளிச் சமையலறையில் வேலை. என் அண்ணன் இறந்த பிறகு அல்மாட்டி நகரத்துக்குப் பிழைக்கப் போனாள். விடுதியில் பிறந்த ஊரைச் சொன்னதும் அவளுடைய கரண்டியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். ஒரே வருடத்தில் திரும்பிவிட்டாள். "இங்கதான் யாரும் ஊரைக் கேக்கறதில்ல," என்பாள்.

அந்த வாரம் வட்டாரப் பத்திரிகைக்காக அந்த ஒப்பந்தத்தை ரஷ்ய மொழியிலிருந்து கசாக் மொழியில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தேன். அண்ணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புகுந்த வீட்டார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது என்பதால், எப்போதும் எழுதிக்கொண்டிருக்கும் என்னை மைக்குட்டி என்றுதான் கூப்பிடுவாள்.

"என்ன போட்டிருக்கு, மைக்குட்டி?"

"குண்டு செய்யக் கூடாது, வைக்கக் கூடாது, வெடிக்கக் கூடாது. கெட்டுப்போன நிலத்தைச் சுத்தம் பண்ண உதவணும்."

"நிலத்துக்கு இருக்கா? எங்களுக்கு?"

தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"நீ ரெண்டு பாஷை படிச்சவ," என்றாள் குரலைத் தாழ்த்தி. "நிலத்தைப் பத்தி எழுதியிருக்கே, அதுக்குக் கீழ ஒரே ஒரு வரி சேர்த்துடேன். இங்க பிறந்த பொண்ணுங்க மேல ஒரு குறையும் இல்லன்னு."