இடது கை ஊசி

எக்கோ அறையில் இருக்கும் அந்த அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் பெயர் 'இன்னொருதடவை அக்கா'. இதயத்தைப் படம் பிடித்து முடித்து, நோயாளி சட்டையைத் தேடும் நேரம் பார்த்து, "இன்னொரு தடவை பாத்துடறேன்" என்பார். வெளியே காத்திருப்பவர்கள் பல்லைக் கடிப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொண்டதே இல்லை.

படித்தது இரண்டு வருடப் படிப்புதான். ஆனால் வேலையில் கெட்டி. நெஞ்சில் தடவும் ஜெல்லைச் சுடுதண்ணீர்க் குவளையில் வைத்து வெதுவெதுப்பாக்கி வைத்திருப்பார். ஜில்லென்று பட்டால் ஆள் துள்ளுவான், துள்ளினால் படம் கெட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

அப்படிப்பட்டவரையே ஒருவர் எட்டு மாதம் தூங்கவிடாமல் செய்தார். உயரமான கட்டடங்களுக்குக் கிரேன் ஓட்டுகிறவர், வயது நாற்பத்து நான்கு. ஒரே வருடத்தில் இரண்டு முறை, மேலே கேபினில் உட்கார்ந்திருக்கும்போதே நாக்கு குழறி, வலது கை சில நிமிடம் செத்துப்போனது. மூளை ஸ்கேனில் ரத்தக்கட்டி அடைத்த தழும்பு தெரிந்தது. கட்டி எங்கிருந்து வந்தது என்று மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. காரணம் தெரியாமல் ஏணியில் கால் வைக்கக்கூடாது என்று கம்பெனி சொல்லிவிட்டது. வானத்தில் இருந்த மனிதரை வாசல் கேட்டில் உட்காரவைத்து, வருகிற லாரிகளின் எண்ணை எழுதச் சொன்னார்கள். மனிதர் பாதியாகிப்போனார்.

அவருக்குக் குமிழிப் பரிசோதனையை இரண்டு முறை செய்தது நம் அக்காதான். உப்புநீரில் கொஞ்சம் காற்றைக் கலந்து, இரண்டு ஊசிக்குழல்களுக்கிடையே முன்னும் பின்னும் தள்ளி, சோடா மாதிரி பொங்கவைத்து, கை ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். படத்தில் வெள்ளையாகத் தெரியும் அந்தக் குமிழிகள் இதயத்தின் வலது பக்கம் வந்து, நுரையீரலில் வடிகட்டப்பட்டு மறைந்துவிட வேண்டும். இடது பக்கம் எட்டிப்பார்த்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. இரண்டு முறையும் இடது பக்கம் கறுப்பாகவே இருந்தது. 'நார்மல்' என்று எழுதினார். இந்த 'நார்மல்' என்ற சொல்லுக்கு இருக்கும் தெனாவட்டு வேறெந்தச் சொல்லுக்கும் கிடையாது. அது வந்து உட்கார்ந்துவிட்டால் மேற்கொண்டு யாரும் வாயைத் திறப்பதில்லை.

வருகிற புதன்கிழமை அவருக்கு 'உயரத்தில் வேலை செய்ய நிரந்தரமாகத் தகுதியில்லை' என்று டாக்டர் எழுதித் தரப்போகிறார் என்பது தெரிந்ததும், அக்கா பழைய படங்களை மறுபடி போட்டுப் பார்த்தார். இதயத்தின் பின்புறம் ஓடும் ஒரு சின்னக் குழாய் இருக்கவேண்டியதைவிடக் கொஞ்சம் பருத்திருந்தது. கூடுதல் ரத்தம் எங்கிருந்தோ வந்து சேர்ந்தால்தான் அது பருக்கும். எங்கிருந்து வருகிறது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை மண்டையைக் குடைந்தார்.

அன்று அவர் கணவர் சோபாவில் இடது பக்கமாகச் சாய்ந்து, இடது கையைத் தலைக்கு அணை கொடுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். எக்கோ அறையில் நோயாளிகள் படுப்பதும் இப்படித்தான். வலது கை மட்டும் சும்மா கிடந்தது. அக்கா போய் அந்த இடது கையை வெடுக்கென்று உருவினார்.

"என்னாச்சு உனக்கு? ஆஸ்பத்திரில கிடைக்கற கையெல்லாம் பத்தலையா?"

"இந்தக் கைல நாங்க ஊசியே போட்டதில்லைங்க. இருபத்திரண்டு வருஷமா."

தலைக்கடியில் மாட்டிக்கொண்ட கையை எவரும் தொந்தரவு செய்வதில்லை. எட்டும் கை வலது கை, எனவே எல்லோருக்கும் வலது கை. விதி என்று யாரும் வைக்கவில்லை, வசதிதான் விதியாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை டாக்டரிடம் போய் நின்றார்.

"ரெண்டு தடவை பண்ணியாச்சே அக்கா" என்றார் டாக்டர்.

"கை மாத்திப் பண்ணலையே சார்."

டாக்டர் பேனாவை மூடிவைத்து எழுந்து அவர் கூடவே வந்தார்.

இடது கையில் ஊசி ஏறியது. நர்ஸ் உப்புநீரைத் தள்ளிய அடுத்த துடிப்பிலேயே, வலது பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்காமல், இதயத்தின் இடது மேலறையில் குமிழிகள் வெள்ளை வெளேரென்று கொட்டின. அக்கா வழக்கம்போல இன்னொரு தடவை பார்த்தார். அதேதான்.

கருவில் எல்லோருக்கும் இடது பக்கம், இடது கை ரத்தத்தை இதயத்துக்குக் கொண்டுவரும் ஒரு பெரிய சிரை உண்டு, பிறப்பதற்குள் கரைந்துவிடும். சிலருக்குக் கரையாது, பெரும்பாலும் அதனால் கெடுதலும் இல்லை. கிரேன்காரருக்கோ அது அந்தப் பருத்த குழாயில் சேர்ந்து, குழாயின் சுவரில் இருந்த ஓட்டை வழியாக இடது அறையில் திறந்துகொண்டது. வலது கையில் போட்ட ஊசி அந்த வழிக்கே வராது. கையில் உருவாகும் தூசி போன்ற கட்டிகூட நுரையீரலில் வடிகட்டப்படாமல் நேரே மூளைக்குப் போகலாம். அறுவை சிகிச்சையில் திருப்பிவிடக்கூடிய வழி இது.

"நாப்பத்திநாலு வருஷமா உள்ளயே இருந்துச்சா மேடம்?" என்றார் அவர்.

"இருந்துச்சு. முதல்லயே பாத்திருக்கணும். ரெண்டு தடவையும் நான்தான் விட்டேன்."

அறுவை சிகிச்சை முடிந்த மாதமே, டாக்டர் எல்லா டாக்டர்களும் கூடிய கூட்டத்தில் அந்தப் படத்தைப் போட்டார். "ரெண்டு ரிப்போர்ட்லயும் என் கையெழுத்து இருக்கு. அதோட நான் விட்டுட்டேன். இவங்க விடல" என்று கடைசி வரிசையைக் காட்டினார். அத்தனை தலைகளும் திரும்பின. அக்காவுக்குப் பெருமை பொங்கி, கையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. அன்றிலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் குமிழிப் பரிசோதனை என்றால் முதல் ஊசி இடது கையில்தான்.

மூன்று மாதம் கழித்துக் கிரேன்காரர் மனைவியோடு வந்தார். இடது கையில் ஊசி ஏறியது. குமிழிகள் ஒழுங்காக வலது பக்கம் போயின. அக்கா பத்துத் துடிப்பு எண்ணினார், பிறகு இருபது. இடது பக்கம் கறுப்பாகவே இருந்தது.

டாக்டர் தகுதிச் சான்றிதழில் கையெழுத்திட்டுத் தந்தார். மனைவி அதை ஒருமுறை படித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். கிரேன்காரர் நடையில் நின்றபடியே சூப்பர்வைசருக்குப் போன் போட்டார்.

"சார், நாளைலேருந்து கேட்டுக்கு வேற ஆள் போட்டுக்கங்க. நான் மேல இருப்பேன்."