தண்ணி விழற எடம்

மழை முடிந்து ஏரி நிறைந்து, மணல் திட்டை அறுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினால், செவ்வந்தியின் குப்பத்தில் 'தண்ணி விழுது' என்பார்கள். இறால் வெளியே போகிறது, வலையோடு ஓடு என்று அதற்கு அர்த்தம். அந்த இரண்டு வார்த்தைக்குள் ஒரு மலையும் பாறையும் ஒளிந்திருக்கும் என்று அவள் எங்கே கண்டாள்?

சென்னையில் வங்கியில் வேலை பார்க்கும் சுதா, போன வருஷம் இந்தக் கரையில் வழி தவறி நின்றபோது செவ்வந்திதான் கூட்டிவந்து படகேற்றி விட்டாள். அன்று வாங்கிப் போன நம்பரில் இந்த மார்கழியில் சுதா கூப்பிட்டாள். நடக்கப் பிரியப்படுகிற ஆறேழு பேர் இருக்கிறோம், யாரும் வராத கரையாக எங்காவது கூட்டிப்போவீர்களா என்று கேட்டாள். சவுக்குத் தோப்பு தாண்டி, தண்ணி விழற எடம் வரைக்கும் போகலாம் என்று செவ்வந்தி சொன்னாள். அமாவாசைக்கு மறுநாள் வரச் சொன்னாள்.

வந்தார்கள். பொன்னேரியில் ரயிலிறங்கி, பஸ் பிடித்து, படகேறி, ஏழு பேரும் பத்து மணிக்குக் குப்பத்தில் நின்றார்கள். அவர்களில் சிவகுமார் என்பவர் தலை நிறைய நல்லெண்ணெய் வைத்திருந்தார். நெற்றியில் வழிந்ததைத் துண்டால் ஒற்றியபடி, அருவியில் எத்தனை பேர் ஒரே நேரத்தில் நிற்கலாம் என்று கேட்டார்.

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த செவ்வந்தியின் புருஷன் ஜெகதீஸ்வரன் ஊசியைக் கீழே வைத்தான்.

"இன்னாமே, அருவியா? நம்மூர்ல ஒசரமா இருக்கிறது லைட்அவுஸ் ஒண்ணுதான்."

வந்தவர்கள் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார்கள். தான் சொன்ன 'விழற எடம்' அவர்களுக்கு அருவியாகிப் போயிருக்கிறது என்று செவ்வந்திக்கு மட்டும் புரிந்தது.

இருபது வருஷம் பொன்னேரியில் மீன் விற்றவள். நேற்றுப் பிடித்த மீனை இன்றைய மீன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. அங்கே பெண்கள் மற்ற கூடைகளில் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். அவள் கூடையில் பார்க்க மாட்டார்கள். அவளுடைய சம்பாத்தியம் என்று தனியாகச் சொல்ல அது ஒன்றுதான் உண்டு. இப்போது இந்த ஏழு பேரும் ஊருக்குத் திரும்பி, பொய் சொல்லி இழுத்துக்கொண்டு போனாள் ஒருத்தி என்று பேசினால்?

நடந்தார்கள். ஈர மணல் கெட்டியாகக் கிடந்தது. தலையில் கூடை இல்லாமல் நடப்பது அவளுக்குப் பழகவில்லை. கை அடிக்கடி மேலே போய், பிடிக்க ஒன்றுமில்லாமல் இறங்கியது. தோப்புக்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். அதற்குள் நண்டு வளைகளைப் படம் பிடிக்க எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள். தோப்புக்குள் சொல்லலாம் என்றால், ஏரிப் பக்கம் பூநாரைகள் இறங்கி, தண்ணீரின் ஓரம் முழுக்க வெளுத்துச் சிவந்து கிடந்தது. அதன் நடுவே எப்படிச் சொல்வது? சூரியனைப் பார்த்துக்கொண்டாள். ரெண்டு மணி வாக்கில் கடல் நன்றாக வற்றும். தாமதித்தால் அது திரும்ப ஏறி, விழுகிற அந்தக் கொஞ்சத் தண்ணீரையும் மூடிவிடும்.

தோப்பு முடிகிற இடத்தில் நின்றாள்.

"சுதாம்மா, எல்லாரும் கேளுங்க. மலையும் இல்ல, அருவியும் இல்ல. ஏரித் தண்ணி கடல்ல போறத நாங்க விழுதுன்னு சொல்லுவோம். நான் சொன்னது அது. நீங்க கேட்டது வேற."

சிவகுமாரின் கை தலைக்குப் போய் எண்ணெயோடு திரும்பியது.

"கொஞ்சம்கூட விழாதா அக்கா?"

"விழும். முழங்கால் ஒசரம்." அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க முழங்கால் இல்ல, என் முழங்கால். செவுளத் தூக்கிக் காட்டிட்டேன். இனிமே வாங்கறதும் வாங்காததும் உங்க இஷ்டம்."

சுதாதான் முதலில் சிரித்தாள். 'தண்ணி விழற எடம்' என்று போனில் சொன்னதை 'அருவி' என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதியது நான்தான், பழி என்மேல் என்றாள். எண்ணெய் வைத்தாகிவிட்டது, இனி குளிக்காமல் திரும்பினால் வீட்டில் கேலி செய்வார்கள் என்றார் சிவகுமார். நடை தொடர்ந்தது.

கடல் வற்றியிருந்தது. ஏரியின் கலங்கல் தண்ணீர் அகலமாக, அவசரமில்லாமல் வந்து, மணல் விளிம்பில் ஒரு கணம் கண்ணாடிபோல் வளைந்து கீழே விழுந்தது. அவள் முழங்கால் உயரமேதான். சத்தமும் அதற்குத் தக்கபடி, பக்கத்து வீட்டில் யாரோ குடத்தைக் கவிழ்க்கிறமாதிரி. விளிம்பு நடுநடுவே பிளந்து சரிந்தது. சரிந்த இடத்துக்குப் பின்னால் புது விளிம்பு உண்டாகி, தண்ணீர் அங்கிருந்து விழுந்தது. நாளைக்கு இதே இடத்தில் இருக்காது என்று செவ்வந்தி சொன்னாள்.

ஓரத்தில் ஆழமில்லாத இடமாகப் பார்த்துக் காட்டினாள். சிவகுமார் குப்புறப் படுத்து, தலையை விளிம்புக்கு நேர் கீழே வைத்துக்கொண்டார். யாரோ ஷாம்பு பாக்கெட்டைப் பிரித்ததும், இறால் போகிற வழி, அது வேண்டாம் என்று தடுத்தாள். மற்றவர்கள் வரிசையாக உட்கார்ந்து முதுகைக் கொடுத்தார்கள். கடையில் விலை உயர்ந்த சாமானைத் தொட்டுப் பார்ப்பதுபோல், அந்தச் சின்னத் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் கையில் ஏந்தினார்கள்.

அடுத்து எப்போது வரலாம், இன்னும் பத்துப் பேர் கேட்கிறார்கள் என்றாள் சுதா.

செவ்வந்தி கடலைப் பார்த்தாள்.

"பௌர்ணமி அன்னிக்குப் போன் போடு. விழுதுன்னா விழுதுன்னு சொல்றேன். விழலன்னா விழலன்னு சொல்றேன்."

"நீங்க சொன்னா போதும்க்கா," என்றாள் சுதா. பிறகு கரைக்குப் போய்ப் போனை எடுத்து, குழுவில் 'அருவி' என்றிருந்ததை அழித்துவிட்டு, 'தண்ணி விழற எடம்' என்று எழுதிக் காட்டினாள்.

செவ்வந்தி எழுத்துக் கூட்டிப் படித்தாள். சரியாகத்தான் இருந்தது. சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சிவகுமார் நகர்ந்து இடம் விட்டார். கூடையோடும் வலையோடும் எத்தனையோ முறை இந்த வழியாகப் போனவள். அங்கே உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.